கீறல் எண் 37

முதல் வாரம் முழுக்க
எதையும் தொடக் கூடாது என்பதுதான் பாடம்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
வாய்க்கால்கரைக் கல்மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்
நானும் பிரம்மநாயகமும் கல்லூர் சாமுவேல்துரையும்.
எங்கே ஈரம் ஏறுகிறது, எந்த மூலையில் எறும்பு மண் தள்ளுகிறது,
எந்தக் கல்லைத் தட்டினால்
உள்ளே ஆளில்லாத வீடு மாதிரிக் கேட்கிறது
எல்லாம் எழுதித் தரச் சொன்னாள் ஜெபக்கனி.
என்னைவிட நான்கு வயது இளையவள்.
ஸ்கூட்டர் டிக்கியில் ஈரமானியும்
எலுமிச்சைச் சாதமுமாக வருவாள் சேரன்மாதேவியிலிருந்து.

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில்
ஆறு வருசம் புடவை மடித்த கை என்னுடையது.
சும்மா இருக்க அதற்குத் தெரியாது.
கூரை விரிசலில் துளிர்த்திருந்த அரசங்கன்றை
எக்கிப் பிடித்துவிட்டேன்.

"எக்கா, விடுங்க விடுங்க!
பொளந்தது அதுதான்.
இப்பம் பிடிச்சிட்டு நிக்கதும் அதுதான்."

அறுக்க வேண்டும், வெட்டுவாயில் மருந்து தொட வேண்டும்,
வேர் உள்ளேயே சாகும்வரை காத்திருந்து
அந்த வெற்றிடத்துக்குச் சுண்ணாம்பு ஊட்ட வேண்டும்.
ஊட்ட என்றுதான் சொன்னாள்.

சுண்ணாம்பு நீற்றிய நாளில்
தொட்டி கொதித்து என் புருவம் வெளுத்தது.
கடுக்காய்த் தண்ணீர் ஒரு குடம்,
உடன்குடிக் கருப்பட்டி எடை போட்டு;
ஒரு சில்லைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
தராசு தப்பு என்று சாதித்தான் பிரம்மநாயகம்.

சீமைக்கருவேலம் வெட்டி வண்டிப்பாதை திறந்தோம்.
மதகடியில் பிளாஸ்டிக் அள்ளினோம்.
மேற்கே மலை கறுத்தால்
வேறெந்த வேலையையும் போட்டுவிட்டு
ஏணி வைத்து ஏறித் தூம்பைப் பார்க்க வேண்டும்.
ஒருநாள் அதற்குள் ஒரு குழந்தைச் செருப்பு.
ஒரு கைப்பிடிச் சருகு போதும், தெரியுமா,
முந்நூறு கல்லை நனைத்து நனைத்தே உதிர்க்க.

இரண்டாம் மாதம் கீறல் கணக்கெடுப்பு.
சாமுவேல்துரை வாசிக்க, நான் பதிவேட்டில்.
அம்பு துளைத்த நெஞ்சு, இரண்டு பெயர்.
கட்சிச் சின்னம், பாதி.
ஒரு கூட்டல் கணக்கு, விடை தப்பு.

"பதினோராம் தூண், மேல்முகம்.
தரையிலேர்ந்து நூத்திப் பன்னெண்டு சென்டிமீட்டர்.
'ஆவுடைச்'. அவ்வளவுதான்."

"ஆவுடையப்பனா இருக்கும்" என்றான் பிரம்மநாயகம்.
"'ச்' போட்டிருக்கே."
"அப்பம் ஆவுடைச் செட்டியார்."

சிரித்தார்கள். நானும்.
பயிற்சிக்கு வந்த இடத்தில் நான் வெறும் செல்வி.
சான்றிதழ் இருக்கும் பீரோவுக்குத்தான் முழுப்பெயர் தெரியும்.
பத்தாம் வகுப்புச் சுற்றுலா,
புளியோதரைக் கை, புதுக் காம்பஸ்,
'ச்'சன்னாவுக்குப் புள்ளி வைக்கையில் முனை ஒடிந்தது.
டீச்சர் விசில் ஊதினார்கள்.
வீட்டில் காம்பஸுக்கு வாங்கிய அடிதான் ஞாபகம் இருந்தது,
தூண் மறந்துபோயிருந்தது.

ஜெபக்கனி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.
வெளிச்சம் பக்கவாட்டில் விழ
என் எழுத்து வாய்க்கால் மாதிரி ஆழமாயிற்று.

"எடுக்க முடியாதாம்மா?" என்றேன்.

"ரெண்டு மில்லி போயிருக்கு.
எடுக்கணும்னா சுத்தி ஒரு சாண் கல்லைத் தேய்க்கணும்.
அவ செஞ்சதவிட நாம செய்யுதது பெருசாயிரும்.
எழுதுங்க: நிலையாக உள்ளது, தலையிட வேண்டாம்."

அவ, என்றாள். அவன் என்றில்லை.

எழுதினேன். அளவு, ஆழம், படத்தின் எண்.
'செய்தவர்' என்ற கட்டத்தில்
அதுவரை முப்பத்தாறு கோடு இழுத்திருந்தேன்.
முப்பத்தேழாவதில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு: பயிலுநர்.

சாயங்காலம் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டவள்
அந்தப் பக்கத்திலும் போட்டாள்.
பதிவேட்டை மூடினாள். ஹெல்மெட்டை மாட்டினாள்.
வண்டியை உதைத்த பிறகு சொன்னாள்:

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வருதாவ.
பதினோராம் தூண்கிட்ட நீங்க நில்லுங்க."